எந்த நாற்காலி உங்களுடையது?

கேள்வி: வணிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ஓரளவு படம் வரைவேன். கேம் விளையாடுவதில் தனிப் பிரியம். படிப்பு முடிந்ததும் அனிமேஷன் அல்லது கேம் துறைக்குப் போக ஆசை. ஒரு பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் படிப்பில் எல்லா மென்பொருளும் சொல்லிக்கொடுத்து, நூறு சதவீதம் வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டணத்துக்கு வீட்டில் கடன் வாங்க வேண்டும். சேரலாமா? எந்த மென்பொருளை முதலில் கற்பது? நன்றாக வரையத் தெரிந்தால்தான் முடியுமா? ஏஐ வந்த பிறகு இந்த வேலையெல்லாம் இருக்குமா என்று அப்பா கேட்கிறார். என்ன கம்ப்யூட்டர் வாங்குவது என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமான கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடன் வாங்கி அந்தப் படிப்பில் இப்போது சேராதீர்கள். பயிற்சி நிலையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியர் கிடைத்தால், தனியாக ஒரு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்பதைச் சில மாதங்களில் கற்றுவிடலாம். ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று உங்களுக்கே இன்னும் தெளிவாகவில்லை. "அனிமேஷன் அல்லது கேம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நிலையில் கட்டும் பணம் எல்லா மென்பொருளையும் மேலோட்டமாகத் தொட்டுப் பார்ப்பதற்கே போய்விடும். விண்ணப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மென்பொருள் பெயர்களை வரிசையாக எழுதிவிட்டு, ஒன்றிலும் உருப்படியான வேலை ஒன்றைக் காட்ட முடியாமல் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நூறு சதவீத வேலை என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். ஆளெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் சான்றிதழைப் புரட்டுவதில்லை, ஷோரீலை, அதாவது நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்த சின்ன வீடியோவைப் பார்க்கிறார்கள். அந்த நிலையத்துக்குப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். போன ஆண்டு முடித்தவர்களின் ரீலைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கு வைத்திருக்கும் ஒருவருடையதை மட்டும் காட்டினால் போதாது, நடுத்தர மாணவர்கள் நான்கைந்து பேருடையதையும் காட்ட வேண்டும். பாடம் நடத்துபவர் எந்தெந்தப் படைப்பில், என்ன பொறுப்பில் வேலை செய்தார் என்று கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, எழுதித் தருவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும். கல்லூரிப் பட்டத்தை மட்டும் பாதியில் விட்டுவிடாதீர்கள். பல நாடுகளில் வேலை விசாவுக்குப் பட்டம் கேட்கிறார்கள். எந்தப் பாடத்தில் வாங்கியது என்பது பிறகுதான்.

சரி, அனிமேஷனா கேமா? இந்தத் துறையில் 'அனிமேஷன் வேலை' என்று ஒரே வேலை கிடையாது. ஒரு முப்பரிமாணப் படம் திரைக்கு வருவதற்குள் எத்தனை கை மாறுகிறது பாருங்கள். கதையைக் காட்சி காட்சியாக ஸ்டோரிபோர்டில் வரைபவர் ஒருவர். பாத்திரத்தின் தோற்றத்தை வடிவமைப்பவர் இன்னொருவர். அதை முப்பரிமாணத்தில் செதுக்குவது மாடலிங். தோல், துணி, துரு என்று மேற்பரப்பைக் கொண்டுவருவது டெக்ஸ்சரிங். உள்ளே எலும்புகளும் கட்டுப்பாடுகளும் வைத்து, ஆட்டிவைக்கக்கூடிய பொம்மையாக மாற்றுவது ரிக்கிங். அதற்கப்புறம்தான் அனிமேட்டர் வருகிறார். அவர் செய்வது நடிப்பு. பிறகு முடி, துணி, புகை, தண்ணீர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் எஃபெக்ட்ஸ் பிரிவு, லைட்டிங், எல்லா அடுக்குகளையும் ஒரே பிம்பமாகச் சேர்க்கும் காம்ப்பாசிட்டிங். பெரிய நிறுவனத்தில் ரிக்கிங் செய்பவர் ஒரு ஷாட்கூட அனிமேட் செய்யாமலே பணி ஓய்வு பெறலாம். சின்ன நிறுவனத்தில் ஒருவரே மூன்று பொறுப்பின் நாற்காலிகளிலும் உட்கார வேண்டியிருக்கும்.

கேம் துறையில் இவர்களோடு நிரலாளர்கள், கேம் டிசைனர், லெவல் டிசைனர், ஒலி அமைப்பவர், பிழை தேடும் சோதனையாளர்கள் எல்லாரும் சேருகிறார்கள். கேம் டிசைனர் என்றால் படம் வரைபவர் என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் வகுப்பது விதிகளையும் எண்களையும். எதிரிக்கு எத்தனை அடி தாங்கும், நாணயம் எவ்வளவு அடிக்கடி கிடைக்கும், இந்த இடத்தில் ஆட்டக்காரர் சலிப்பாரா என்று எக்செல் தாளோடு மல்லுக்கட்டும் வேலை. விளையாடப் பிடிக்கும் என்பது மட்டும் இதற்குத் தகுதி ஆகாது. ஒரே இடத்தில் ஐந்து முறை செத்த பிறகும் ஆறாவது முறை ஏன் விளையாடத் தோன்றியது என்று யோசித்து ஒரு பக்கம் எழுத முடிகிறதா? அப்படியானால் இந்த நாற்காலியைப் பற்றி யோசிக்கலாம். கலைக்கும் நிரலுக்கும் நடுவில் நிற்கும் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று ஒருவர் உண்டு. இரண்டு பக்க மொழியும் தெரிந்தவர் குறைவு என்பதால் அந்த நாற்காலிக்கு ஆள் தேடுவது எப்போதும் சிரமம்.

உங்கள் வணிகவியலும் வீண் போகாது. எந்த ஷாட் யாரிடம் இருக்கிறது, எப்போது முடியும், பட்ஜெட்டில் எவ்வளவு மீதம் என்று ஓடிக்கொண்டே இருக்கும் புரொடக்‌ஷன் பிரிவு எல்லா ஸ்டுடியோவிலும் உண்டு. புரொடக்‌ஷன் கோஆர்டினேட்டராக நுழைந்து தயாரிப்பாளராக உயர்வது நேரான பாதை. இதை ஏனோ யாரும் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. கணக்கும் மனிதர்களும் உங்களுக்கு ஒத்துவரும் என்றால், இரண்டாந்தரம் என்று நினைக்காமல் இதையும் பட்டியலில் வையுங்கள்.

படத்துக்கும் கேமுக்கும் உள்ள வித்தியாசம் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். ஒரு பாத்திரம் குதிக்க வேண்டும். படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள். குதிக்கும் முன் அது முழங்காலை மடக்கிப் பதுங்க வேண்டும். அரை நொடி, அதாவது 12 ஃபிரேம், அதற்கே கொடுக்கலாம். அந்தப் பதுங்கலில்தான் உடம்பின் கனம் தெரிகிறது. அதே அசைவைக் கேமில் அப்படியே வைத்தால் ஆட்டக்காரர் திட்டுவார். பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துக் குதித்தால், "சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறதே" என்றுதான் தோன்றும். நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைப்பது 16.6 மில்லி நொடி. அதற்குள் கம்ப்யூட்டர் எல்லாக் கணக்கையும் முடித்துப் படத்தையும் வரைந்தாக வேண்டும். ஆட்டக்காரரைக் காக்க வைக்கக் கூடாது என்பதால் பதுங்கலை இரண்டு மூன்று ஃபிரேமாகச் சுருக்குவோம், சில சமயம் அடியோடு எடுத்துவிடுவோம். விட்ட கனத்தைத் தரையில் வந்து விழும்போது ஈடுகட்டுவோம்.

இன்னொரு தந்திரம்: மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும், சில ஃபிரேம்கள் வரை குதிக்கும் பட்டனை ஏற்றுக்கொள்ளும்படி பல கேம்களில் நிரல் எழுதியிருப்பார்கள். ஆட்டக்காரருக்கு அது தெரியவே தெரியாது. கேம் தனக்கு நன்றாக வசப்படுகிறது என்று நினைப்பார். கேமரா விஷயமும் உண்டு. படத்தில் கேமரா நிற்கும் இடம் முன்பே தெரியும். அந்தக் கோணத்துக்கு அழகாக இருந்தால் போதும், மறுபக்கம் கை உடம்புக்குள் புதைந்திருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. கேமில் கேமரா ஆட்டக்காரர் கையில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பவர் எந்த நொடியிலும் நிற்கலாம், திரும்பலாம், அடிக்கலாம். ஓர் அசைவிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டுத் தெரியாமல் போக வேண்டும். ஒரு முகத்தில் ஓடும் தயக்கத்தை வாரக்கணக்கில் இழைத்துச் செதுக்கப் பிடிக்கும் என்றால் படம் உங்களுக்கு. அசைவு இன்னொருவர் விரலுக்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதில் ஆர்வம் என்றால் கேம்.

இதை வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய முடியாது. செய்து பார்க்க வேண்டும். மூன்று மாதம் ஒதுக்குங்கள். மாடலிங், அனிமேஷன், ஒரு சின்ன கேம் என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம் போல. எதில் திறமை இருக்கிறது என்று பார்க்காதீர்கள். நான்கு வாரத்தில் யாருக்கும் எதிலும் திறமை வராது. முடித்த வேலையில் யாராவது குறை சொன்னால் அதைத் திருத்த உடனே கை பரபரக்கிறதா, மூடி வைத்துவிட்டுப் புதிதாக ஏதாவது தொடங்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். ஸ்டுடியோவில் தினமும் நடப்பது இந்தத் திருத்தம்தான். காலையில் டெய்லிஸ் என்று எல்லார் முன்னிலையிலும் உங்கள் ஷாட்டை ஓடவிடுவார்கள். இடது தோள் தாமதமாக வரட்டும் என்பார் ஒருவர். மறுநாள் அவரே பழையபடி வைக்கச் சொல்வார். முகம் சுளிக்காமல் இரண்டையும் செய்து காட்ட வேண்டும்.

அனிமேஷன் நாற்காலி என்றால் பந்திலிருந்து தொடங்குங்கள். பார்க்க ஒரே அளவில் இரண்டு உருண்டை. நிறம், அடையாளம் எதுவும் கூடாது. ஒன்று இரும்புக் குண்டு, மற்றது டேபிள் டென்னிஸ் பந்து என்று துள்ளும் விதத்திலிருந்தே பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். சுலபமாகத் தோன்றும். செய்து பாருங்கள், ஒரு வாரம் ஓடிவிடும். எத்தனை ஃபிரேமில் விழுகிறது என்பதும், அந்த ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி எப்படிக் கூடிக் குறைகிறது என்பதும் விரலுக்குப் பழகினால் பாதி அனிமேஷன் வந்துவிட்டது. பிறகு ஊசல், பந்துக்கு ஒரு வால், நடை, கனமான பெட்டியைத் தூக்குவது. அப்புறம் வசனமே இல்லாமல் ஒரு பாத்திரம் மனதை மாற்றிக்கொள்வது. ஒவ்வொன்றையும் தொடங்கும் முன் நீங்களே நடித்து போனில் வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். கூச்சம் பார்த்தால் ஆகாது. டிஸ்னியின் மூத்த அனிமேட்டர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் தொகுத்து எழுதிய 12 அடிப்படைக் கொள்கைகளைத்தான் இன்றும் எல்லா வகுப்பிலும் நடத்துகிறார்கள். பென்சில் போய்க் கம்ப்யூட்டர் வந்தும் அவை மாறவில்லை.

வரைவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்டோரிபோர்டு, கான்செப்ட் ஆர்ட் (பாத்திரமும் இடமும் எப்படித் தோன்றும் என்று முன்கூட்டி வரைவது), இருபரிமாண அனிமேஷன் மூன்றுக்கும் நன்றாகவே வரைய வேண்டும். அதில் சலுகை இல்லை. முப்பரிமாண அனிமேஷன், ரிக்கிங், லைட்டிங், எஃபெக்ட்ஸ் செய்பவர்களில் குச்சி மனிதனைத் தாண்டாதவர்கள் நிறையப் பேர், நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனாலும் தினமும் பத்து நிமிடம், நிற்பவர் நடப்பவர் யாரையாவது வேகமாகக் கிறுக்கிப் பழகுங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும்.

மென்பொருளில் நேரம் வீணாக்காதீர்கள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம், அதில் தொடங்குங்கள். 2002-ல் அதன் ரசிகர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூலநிரலை விடுவித்து எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். முழுக்க அதிலேயே உருவான 'ஃப்ளோ' என்ற படம் 2025-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. எனவே "இலவச மென்பொருள் தொழிலுக்கு உதவாது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பெரிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் அனிமேஷனுக்கு இன்னமும் மாயாதான். 1998-ல் வந்தது, அதைச் சுற்றி அவர்கள் கட்டிய கருவிகள் ஏராளம் என்பதால் சுலபத்தில் மாற மாட்டார்கள். மாணவர் உரிமத்தில் அதுவும் இலவசமாகக் கிடைக்கும். அடிப்படை கைவந்தவருக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற ஓரிரு மாதம் போதும்.

கேம் உருவாக்கும் அடித்தள மென்பொருளான இன்ஜினில் யூனிட்டிக்கு சி ஷார்ப் நிரல்மொழி, அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸும், நிரலை எழுதாமல் கட்டங்களாக இணைக்கும் புளூபிரிண்ட்டும், கோடோவுக்கு அதற்கே உரிய எளிய நிரல்மொழி. நிரலே எழுதாதவர் என்றால் கோடோ நல்ல தொடக்கம். எதையும் கட்டிக்கொண்டு அழாதீர்கள். 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று அறிவித்தது. பல வருடம் அதையே நம்பியிருந்தவர்கள் ஒரே இரவில் வேறு இன்ஜின் தேடினார்கள். ஒரு வருடம் கழித்து யூனிட்டி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது என்பது வேறு கதை.

ஷோரீல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில்தான் நல்ல பிள்ளைகளும் கோட்டை விடுகிறார்கள். ஒரு நிமிடம் போதும். பார்ப்பவர் முன் இன்னும் ஐம்பது ரீல் காத்திருக்கும். முதல் பத்து நொடியில் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுவார். சிறந்ததை முதலில் வையுங்கள். "இது கொஞ்சம் சுமார், ஆனால் நீளம் குறையுமே" என்று தயங்கிச் சேர்த்த துண்டைத் தயங்காமல் நீக்குங்கள். ரீல் முழுவதும் சேர்த்து உங்களுக்கு விழும் மதிப்பு அந்தச் சுமாரான துண்டின் மதிப்பே. ஏனென்றால் இதைச் சுமார் என்று கண்டுபிடிக்க இவருக்குக் கண் இல்லையோ என்ற சந்தேகம் வந்துவிடும். ஒரு ரீலுக்கு ஒரு நாற்காலி. லைட்டிங் வேலைக்கு அனுப்பும் ரீலில் நடை அனிமேஷன் வேண்டாம். மாடலிங் என்றால் உருவத்தைச் சுற்றிக் காட்டி, கீழே அதன் வடிவத்தைத் தாங்கும் வலைக்கோடுகளையும் காட்டுங்கள். பொம்மை வேறொருவர் செய்தது என்றால் திரையிலேயே அவர் பெயரைப் போடுங்கள். குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு என்ன என்று எழுதுங்கள். இந்தத் துறை சின்னது; பொய் சொன்னால் உடனே தெரிந்துவிடும். இசைக்காக மெனக்கெடாதீர்கள், ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். பயிற்சி வீடியோவைப் பார்த்து அப்படியே செய்ததை வைக்காதீர்கள். பிளெண்டர் கற்கும் உலகமே முதலில் செய்யும் அந்த டோனட்டை நாங்கள் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

கேம் பக்கம் போகிறவர் என்றால் ரீலோடு, இணைப்பைத் திறந்ததும் விளையாடக்கூடிய ஒரு சின்ன கேம் வேண்டும். ஐந்து நிமிடக் கேம், ஆனால் முழுதாக முடிந்தது: தொடக்கத் திரை, தோல்வி, வெற்றி, ஒலி எல்லாம் உள்ளது. திறந்த உலகத்தில் நடக்கும் பிரம்மாண்டக் கதை என்று பாதியில் நிற்பதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016-ல் 'ஸ்டார்ட்யூ வேலி'யை வெளியிட்டதை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதற்கு அவர் நான்கு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்ததை மட்டும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் கேம் ஜாமில் கலந்துகொள்ளுங்கள். 2002 முதல் நடக்கும் லுடும் டேர், 2009 முதல் ஜனவரிதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாம் இரண்டுமே 48 மணி நேரப் பழக்கத்தில் வளர்ந்தவை. கொடுத்த கருப்பொருளுக்கு ஒரு கேமை அந்தக் கெடுவுக்குள் முடிக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு கெடுவுக்குள் ஒன்றை முடித்த அனுபவம் நேர்முகத்தில் பேச நிறையக் கொடுக்கும். துறைக்குள் முதல் அறிமுகங்களும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கின்றன.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். அவர் கவலை நியாயமானது. ஆனால் ஏஐயைவிடப் பழைய கவலை ஒன்று இருக்கிறது, அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இந்தத் தொழில் எப்போதுமே படத்துக்குப் படம், கேமுக்குக் கேம் ஓடுவது. 2013 பிப்ரவரியில் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலிக்கு ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தார் ஆஸ்கர் மேடை ஏறினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது. கேம் துறையில் 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். 2025 தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது நெடுநாள் பேர்பெற்ற எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களும் அதோடு போயின. திறமை இருந்தும் வேலை போகும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இந்தத் தொழிலில் இருக்க வேண்டும்.

ஏஐ என்ன செய்கிறது? கான்செப்ட் ஆர்ட்டின் ஆரம்பக் கிறுக்கல்கள், ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும் ரோட்டோ, படத்தில் தெரியும் தேவையற்ற கம்பியை அழிப்பது போன்றவற்றில் ஏற்கெனவே ஆள் தேவையைக் குறைக்கிறது. புதியவர்கள் வழக்கமாக நுழைந்த வாசல்கள் இவை என்பதுதான் சங்கடம். இயக்குநர் "இவள் பொய் சொல்கிறாள், ஆனால் அது அவளுக்கே பிடிக்கவில்லை" என்று சொன்னதை 90 ஃபிரேமில் கொண்டுவந்து, மறுநாள் தோளை மட்டும் மாற்று என்றால் தோளை மட்டும் மாற்றித் தருவது இப்போதைக்கு மனிதர் வேலையாகவே இருக்கிறது. பத்து ஆண்டு கழித்து என்னவாகும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள், நான் உட்பட. ரீலில் ஏஐ உருவாக்கியது எதையாவது வைத்தால் அதைச் சொல்லிவிடுங்கள். கேம்களை விற்கும் ஸ்டீம் தளமே 2024 முதல், கேமில் ஏஐ பயன்படுத்தியிருந்தால் அறிவிக்கச் சொல்கிறது. உரிமைப் பிரச்சினைக்கு அஞ்சித் தடைசெய்திருக்கும் ஸ்டுடியோக்களும் உண்டு.

வேலை தேடும்போது இரண்டு எச்சரிக்கை. பயிற்சிக்கு, கருவிக்கு என்று முன்பணம் கேட்கும் நிறுவனம் வேலை கொடுக்கப் போவதில்லை. தேர்வு என்ற பெயரில் இரண்டு வாரத்துக்கு ஷாட்டுகளைச் செய்து தரச் சொன்னால் அது தேர்வு அல்ல, ஓசி வேலை. ஒரு நாள், இரண்டு நாள் சோதனை நியாயம்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். இப்போது எதுவும் வாங்காதீர்கள். வீட்டில் இருப்பது நான்கைந்து வருடம் பழையது என்றாலும் பந்தைத் துள்ளவைக்கவும் நடை பழகவும் அது போதும். பிளெண்டரின் புதிய பதிப்பு ஓடவில்லை என்றால் பழைய பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம், அவர்கள் தளத்திலேயே எல்லாம் கிடைக்கும். மூன்று மாதம் கழித்து நாற்காலி முடிவானதும் வாங்குங்கள். அனிமேஷன் என்றால் வேகமான பிராசசர். லைட்டிங், ரெண்டரிங் (கணக்கிட்டு இறுதிப் பிம்பத்தை உருவாக்குவது), அன்ரியல் என்றால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு. எதுவானாலும் 32 ஜிபி மெமரி. லேப்டாப்பைவிட அதே விலைக்கு மேசைக் கம்ப்யூட்டர் நிறைய வேலை செய்யும், பிறகு பாகம் மாற்றவும் வசதி. வரைபவர் என்றால் திரை இல்லாத சின்ன பென் டேப்லெட் ஒன்று. திரை உள்ளதை முதல் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.